ஏரிப்பனி ஊரில் நீ கிளம்பும் நேரம்

ஹரி,

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பட்டும்மா?" என்று நீ அனுப்பிய செய்தி பதில் இல்லாமல் என் ஃபோனில் கிடக்கிறது. நான் பார்த்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். நீலக் கோடுகள் விழுந்திருக்கும். நீ தும்மினால்கூட அடுத்த நொடியில் கஷாயத்துக்கு வழி சொல்லி அனுப்புகிறவள், இரண்டு நாளாக ஏன் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று யோசித்திருப்பாய். ஞாயிறு ராத்திரியிலிருந்து உன் ஊருக்கு மறுபடியும் ஏரிப்பனி, அங்கே ஏரி கிளப்பிக் கொட்டுகிற பனி, வரும் என்ற எச்சரிக்கையை நானும் படித்தேன். பத்து தடவை படித்தேன். உன் கேள்வி சின்னதுதான். பதிலை அந்தச் சின்னப் பெட்டிக்குள் தட்டி அனுப்ப முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை நம் ஊர்த் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் கொடுக்கப் போகிறேன். "மானத்த வாங்காத மா" என்று நீ கத்துவது இங்கேயே கேட்கிறது. ஆனால் மைசூரில் நம் தெருவை மட்டும் எடுத்துக்கொள். எத்தனை வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம் தொங்குகிறது? ஒன்று இந்த ஊருக்கு, ஒன்று பிள்ளை இருக்கிற ஊருக்கு. அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிடுகிற அம்மாக்கள் பலர். அவர்களில் ஒருத்தியாவது நான் செய்ததைச் செய்யாமல் இருக்கட்டும்.

உனக்கு அமெரிக்காவில், பஃபலோவில் படிக்க இடம் கிடைத்தபோது எனக்கு ஊரின் பெயரே பிடிக்கவில்லை. எமனுடைய வாகனத்தின் பெயரில் ஒரு ஊரா என்று கேட்டேன். உன் அப்பாதான் சிரித்தார். "மகிஷாசுரன் பேர்ல இருக்கற ஊர்ல பொறந்தவன் எருமை ஊருக்குப் போறான். ஒரே குலம்தாண்டி, சும்னே பயப்படாத." நீ படித்து முடித்தாய். ஊரின் வடக்குப் பக்கம் அறை எடுத்துத் தங்கினாய். நவம்பரில், ஊரை ஒட்டிய பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கிற ஆலையில் வேலை கிடைத்தது. தினமும் காரில் முக்கால் மணி நேரம். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். திங்கட்கிழமை என்று கேட்டதுமே என் கண் தானாகத் தினசரி காலண்டருக்குப் போனது. ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது.

என்னுடைய இந்தப் பழக்கத்தோடுதான் நீ வளர்ந்தாய். பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது, எமகண்டத்துக்கு முன்னால் வாசல்படி தாண்டிவிட வேண்டும் என்று விடிந்தும் விடியாமலும் உன்னை ஆட்டோவில் ஏற்றிவிடுவேன். பள்ளிக்கூடத்துக் காவல்காரர் கதவைத் திறக்காமல் உன்னைப் பார்த்து, "ஏனப்பா, நீனே பேப்பர் செட் மாடித்தியா?" என்று கேட்டாராம், கேள்வித்தாளே நீதான் தயார் செய்தாயா என்று. நீ வீட்டுக்கு வந்து அவரைப் போலவே நடித்துக் காட்டினாய். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அடுத்த பரீட்சைக்கும் அதே விடியற்காலை ஆட்டோதான். நீயும் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆய்த்து மா" என்று கன்னடத்தில் சரி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாய். அந்த "ஆய்த்து மா"வை நான் உன் நல்ல குணம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஒருமுறை கேட்டாய். என் அப்பாவிடமிருந்து வரவில்லை. அவர் ரயில்வேயில் கார்டு. பச்சைக்கொடி காட்டினால் கிளம்ப வேண்டியதுதான், ராகுவாவது கேதுவாவது. நான் படித்ததும் இயற்பியல். கடைசி வருடத் தேர்வை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். இருபது வயதில் நீ என் கைக்கு வந்தாய். உன் அப்பா மண்டி மொஹல்லாவில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்த புதிது. காலையில் போனால் ராத்திரிதான் வருவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா? பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. சுவரில் இருந்த காலண்டர் மட்டும் தயங்காமல் சொன்னது: இப்போது போ, இப்போது போகாதே. முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டதுபோல அப்படி ஒரு நிம்மதி. பக்தி என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதிக்குமேல் அந்த நிம்மதிதான்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். உனக்குக் காலை, எங்களுக்கு விளக்கேற்றுகிற நேரம். அப்பா காப்பி குடிக்கக் கடையிலிருந்து வந்திருந்தார். நீ வீடியோவில் வந்தாய். புதுச் சட்டை, நெற்றியில் நான் கொடுத்தனுப்பிய விபூதி.

"அம்மா, ஏரிப்பனி வரப்போவுதாம். எட்டுக்குள்ள வர்றதா இருந்தா வா, இல்லைன்னா வீட்லயே இருன்னு மேனேஜர் மெசேஜ் போட்ருக்கார். நான் இப்பவே கிளம்பறேன்."

"இப்பக் கிளம்பினா நீ போய்ச் சேர்றப்ப சரியா ராகுகாலம்டா. மொதல் நாள். ஒன்பது அடிச்சதும் கிளம்பு."

"மா, ப்ளீஸ் மா. இங்க வெயில் அடிக்குது, ரோடு காலியா இருக்கு."

அப்பா இடையில் புகுந்தார். "ஏய், இங்க சாயங்காலம் ஆயிடுச்சு. நம்ம ராகு காலைலயே வந்துட்டுப் போய்ட்டான். அங்க போறதுக்கு அவனுக்கு எவன் விசா குடுத்தான்?"

"அந்தந்த ஊர் மணிக்குத்தான் அந்தந்த ஊர் ராகு. உங்களுக்குத் தெரியாத விஷயத்துல பேசாதீங்க."

"தெரியாமத்தான் இத்தன வருஷம் எல்லா நேரத்துலயும் கடையத் தொறக்கறேன். நீ கிளம்புடா ஹரி."

நீ இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாய். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. "ஆய்த்து மா, ஒன்பதுக்கே போறேன்" என்று சொல்லிவிட்டாய்.

எட்டுக்குள் வராவிட்டால் வராதே என்று சொல்லியிருந்தார்களே, பிறகு ஒன்பதுக்கு ஏன் போனாய் என்று நான் இன்றுவரை உன்னிடம் கேட்கவில்லை. எனக்கே தெரியும். முதல் நாளே வரவில்லை என்று பெயர் வாங்கக் கூடாது என்பது உன் பயம். அம்மா கலங்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாய், எல்லா நல்ல பிள்ளைகளையும்போல. இன்னொன்றும் சொல்கிறேன், சிரித்துக்கொள். ராகுகாலத்தைச் சூரிய உதயத்திலிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் நவம்பரில் ஏழு மணிக்குமேல்தான் விடிகிறது. அப்படியானால் ராகுகாலமே எட்டுக்குப் பின்னால் தள்ளிப்போகும். நான் மைசூர்க் காலண்டர் நேரத்தை அப்படியே தூக்கிப் பஃபலோவில் வைத்துவிட்டேன். என் சாஸ்திரத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருந்தால், உடனே கிளம்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒன்பதுக்கு வெயிலில் கிளம்பினாய். ஊரைத் தாண்டியதும் எதிரே வெள்ளையாய் ஒரு சுவர் நின்றது என்று பிறகு சொன்னாய். மேகம் என்றோ மழை என்றோ தோன்றவில்லையாம், மண்ணிலிருந்து வானம்வரை எழுப்பிய சுவராம். இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அதற்குள் நுழைந்தபின் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு அணைந்ததுபோல மறைந்தது. வண்டிகள் நின்றன. நின்றது நின்றதுதான். சீக்கிரம் போனவர்கள் எல்லாம் அன்று ஆலைக்குள் மாட்டிக்கொண்டு, ஹீட்டர் வெதுவெதுப்பில் பிஸ்கெட் தின்றுகொண்டு சீட்டு ஆடினார்களாம். நீ மட்டும் சாலையில்.

நீ ஃபோன் செய்தாய். நான் பதறிப் பதறி, "கண்ணாடிய நல்லா ஏத்திக்கோ, ஹீட்டர அணைக்காத" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தல வலிக்குது மா, தூக்கமா வருது" என்றாய். விடிகாலையில் எழுந்த பிள்ளை, களைப்பு என்று நினைத்தேன். "கொஞ்சம் தூங்கு கண்ணா, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். உன் மூச்சு சீராகக் கேட்டது. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது, ஹரி. பிறகு கண்ணாடியைத் தட்டுகிற சத்தம், ஒரு பெண்ணின் கூச்சல், தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி நீ பேசியபோது, "பின்னாடி லாரில இருந்த அம்மா அவங்க வண்டிக்குக் கூப்ட்டாங்க மா, அங்கதான் இருக்கேன், சாண்ட்விச் குடுத்தாங்க" என்று மட்டும் சொன்னாய். நானும் நல்ல மனுஷி என்று அந்தப் பெண்ணை வாழ்த்திவிட்டு விட்டுவிட்டேன்.

மிச்சத்தை உன் அறைத்தோழன் கார்த்திதான் சொன்னான். லீவில் தன் ஊரான மார்டள்ளிக்கு வந்தவன், நீ கொடுத்த சாக்லேட்டைக் கொடுக்கப் போன வாரம் நம் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார வைத்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே அந்த லாரிக்கார அம்மாவின் பேச்சை எடுத்தேன். பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டான்.

"நல்லவேளைங்கம்மா, அவங்க வந்து தட்டுனாங்க. பனி பொகைக்குழாய மூடிருச்சுங்க. பொகையெல்லாம் காருக்குள்ளயே வந்திருக்குது. இவன் எஞ்சின அணைக்காம நல்லாத் தூங்கிட்டிருந்திருக்கான். இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா..."

என் முகத்தைப் பார்த்ததும் அவன் கை தட்டிலேயே நின்றது. "உங்ககிட்ட சொல்லலைங்களா?"

"சொன்னான், சொன்னான். நீ சாப்பிடுப்பா" என்றேன்.

நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். தூங்கு என்று சொன்னது யார்?

அன்றிலிருந்து உன் ஏரியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா கேலி செய்கிறார், "டிகிரிய இப்பத்தான் முடிக்கறா" என்று. படிக்கப் படிக்க, இதில் எனக்குத் தெரியாதது பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. மார்கழிக் காலையில் குக்கரஹள்ளிக் கெரே என்கிற நம் ஏரியைச் சுற்றி நடக்கும்போது தண்ணீரிலிருந்து ஆவி எழும்பும், பார்த்திருக்கிறாய். காற்று குளிர்ந்துவிட்டது, தண்ணீர் நேற்றைய வெயிலை இன்னும் விடவில்லை. அவ்வளவுதான் விஷயம். அங்கே அந்தக் கெரே ஒரு கடல் அளவு. கோடை முழுவதும் குடித்த சூட்டை நவம்பரில் அது இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. கனடாவிலிருந்து உறைந்த காற்று வந்து அதன்மேல் ஓடுகிறது. அடியில் இருக்கும் காற்று சூடேறி, ஈரத்தைக் குடித்து, மேலே கிளம்பி, மேகமாகி, எதிர்க்கரைக்கு வந்ததும் கொட்டிவிடுகிறது. ஏரியின் குறுக்கே ஓடுகிற காற்றுக்குக் குடிக்க நேரம் இல்லை. ஆனால் உன் ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீளமாய்ப் படுத்திருக்கிறது, அதன் நுனியில் உன் ஊர். காற்று அந்த நீளத்திலேயே ஓடி வந்தால் வழியெல்லாம் குடித்துக்கொண்டே வருகிறது. இரண்டு கரையிலிருந்தும் வீசுகிற நிலக்காற்று வேறு அதை நடுவில் நெருக்குகிறது. அதனால்தான் பனி ஊர் முழுக்கப் பரவாமல் ஒரு பட்டையாக, அகலம் குறைந்து, ஆவேசம் கூடி வருகிறது. தெற்கே நிலம் மேடாகி மலையாகிறது. அங்கே காற்று இன்னும் மேலே தள்ளப்பட்டு இன்னும் கொட்டுகிறது. உன் ஆலை அந்தப் பக்கம்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது ஆடி மாதம் மடிகேரிக்குப் போனோமே. மைசூரில் வெயில். குஷால்நகரில் தூறல். அதைத் தாண்டி மலை ஏறியதும் வைப்பர் ஓடியும் கண்ணாடி தெரியாத மழை. "யாரும்மா இங்க கோடு போட்டது?" என்று கேட்டாய். கடல் காற்று மலையில் மோதி அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது, நமக்கு மிச்சம்தான் வருகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஹரி! அப்படிப்பட்டவள், வெயில் அடிக்குது என்று நீ சொன்னதும், வெயில் எந்த இடத்தில் அடிக்கிறது, நீ போகிற இடத்தில் என்ன நிலைமை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பட்டை ஒரே இடத்தில் நிற்காதாம். காற்று கொஞ்சம் மேற்காகத் திரும்பினால் அது தெற்கே நகரும். தென்மேற்காகத் திரும்பினால் வடக்கே, உன் அறைப் பக்கம் வரும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் கை லேசாகத் திரும்பினால் குழாய்த் தண்ணீர் வேறு பாத்திக்குப் போய்விடுகிறதே, அதுபோல. அன்று எட்டு மணிவரை உன் சாலைக்கு வெளியே இருந்தது, எட்டுக்குப் பிறகு சாலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை அங்கே இருப்பவர்கள் முந்தின நாளே கணித்து, எட்டுக்குள் வா என்று சொல்லியிருந்தார்கள். நல்ல நேரம் என்பது அன்று உண்மையிலேயே இருந்தது. அதை உன் மேனேஜர் உனக்குச் சொன்னார். நான் தடுத்தேன்.

ஜனவரி, பிப்ரவரியில் ஏரி உறைந்து மூடிக்கொண்டால் இந்தப் பனி அடங்கிவிடும் என்று படித்ததும், ஐயோ சீக்கிரம் உறைந்து தொலையேன் என்று முகம் தெரியாத ஒரு ஏரியை வேண்டிக்கொண்டேன். பிறகு ஒரு சந்தேகம். இப்போதெல்லாம் சில வருடங்கள் அது சரியாக உறைவதே இல்லையாம். அப்படியானால் பங்குனிவரை நான் இப்படியேதானா? பார், இப்படித்தான் என் மனசு ஓடுகிறது. ஒரு கதவை மூடினால் இன்னொன்று திறந்துகொள்கிறது.

எனவே, எழுதாமல் இருக்க முடியாததை எழுதிவிடுகிறேன். வண்டியில் கம்பளி இருக்கட்டும், தின்ன ஏதாவது இருக்கட்டும், ஒரு மண்வெட்டி. பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதே. மாட்டிக்கொண்டால் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளிவிடு, அதற்கப்புறம்தான் எஞ்சின். அதுவும் விட்டுவிட்டுப் போடு. ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை, குளிர்ந்தால் குளிரட்டும். தலை வலித்தால் அணைத்துவிட்டு வெளிக்காற்றுக்கு வா. தூங்காதே. யார் சொன்னாலும் தூங்காதே, நான் சொன்னாலும். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது தெரிந்தும் எழுதுகிறேன்.

அப்பாவிடம் போன வாரம் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "அவன் ராகுகாலத்துக்கா பயந்தான்? உன் மூஞ்சிக்கு பயந்தான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் உண்மை அதுதான். நீ எதையும் நம்பவில்லை, எட்டாம் வகுப்பிலிருந்தே. என் கண் கலங்குவதைப் பார்க்க முடியாமல் சரி சரி என்று சொல்லிப் பழகிவிட்டாய். இவ்வளவு நடந்தபிறகும், "எத்தனை மணிக்குக் கிளம்பட்டும்மா?" என்று கேட்கிறாயே, அது நேரம் தெரிவதற்காக இல்லை. அன்று ஒன்பதுக்குப் போகச் சொன்ன குற்ற உணர்ச்சியில் அம்மா ஒடுங்கிப் போய்விட்டாள், பழையபடி அவளிடம் ஒரு அதிகாரத்தைக் கொடுத்துவைப்போம் என்று கேட்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியாதா? அதுதான் இந்த இரண்டு நாளும் என்னைத் தின்றது. அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நீ எடுக்கிற எந்த முடிவும் அந்தச் சாலையில் உன்னைக் காப்பாற்றாது.

நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும். அந்தப் பெண்ணும் ஒருநாள், போகாதே என்று அழலாம், இல்லை போ என்று பிடிவாதம் பிடிக்கலாம். அவள் அழுகையைத் துடை. ஆனால் அந்த அழுகையை வானிலை அறிக்கையாக எடுத்துக்கொள்ளாதே. வேலையில் ஒரு பெரியவர், நீ வந்தே ஆகணும் என்பார். அவரிடமும் பணிவாகச் சொல், வரமுடியாது என்று. நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க நான் உன்னைப் பழக்கினேன். நல்ல பிள்ளையாக இல்லாமல் இருக்க வேண்டிய இடங்கள் உண்டு என்பதைச் சொல்லித்தர விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமைக்கு என் பதில் இது. எனக்குத் தெரியாது, ஹரி. எத்தனை மணிக்கு என்றும் தெரியாது, போகலாமா கூடாதா என்றும் தெரியாது. நான் இருப்பது மைசூரில், காற்று அங்கே. உன்னைப் பெற்ற நாளிலிருந்து "தெரியாது" என்கிற வார்த்தையை உன்னிடம் சொன்னதில்லை. நீயே பார், நீயே முடிவு செய். வீட்டில் இருந்தாலும், ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாலும், அதற்கப்புறம் சொன்னால் போதும். ஓட்டுகிறபோது என் ஃபோன் வந்தால் எடுக்காதே. நான் நிச்சயம் செய்வேன், என்னால் இருக்க முடியாது, நீ எடுக்காதே. பயப்படுவது என் வேலை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ரோட்டைப் பார்.

அம்மா